அப்பா தலையாட்டிய இடம்

டோக்கியோ, நகானோ
பிப்ரவரி 9, 1966

அன்புள்ள நோபுயோ அக்காவுக்கு,

ஹமாதாவில் கடற்காற்று இன்னும் கதவைப் பிடுங்கிக்கொண்டுதான் இருக்கும். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மீன் கழுவிக் கழுவி அத்தானுக்குக் கை வெடித்திருக்குமே, எண்ணெய் தடவச் சொல். அப்பா நலமா என்று இந்த முறையும் கேட்கிறேன். நீ இந்த முறையும் "நலம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதே.

நான் பேய்களின் புண்ணியத்தில் பிழைத்துக்கொண்டிருக்கிறேன். போன வாரமும் ஒரு பேய்ப் படம். இயக்குநர் வந்து, "சார், பொணம் கிணத்துலேருந்து எந்திரிக்குது. உங்க மூங்கில்ல ஒரே ஒரு இழுப்பு, அவ்வளவுதான்" என்றார். ஷாகுஹாச்சிக் குழலை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தேன். "இன்னும் கொஞ்சம் ஈரமா" என்றார். விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்தக் குழலில் உயிரை ஊதுகிறேன்; இந்த ஊருக்கு அதில் பிணத்தைத்தான் எழுப்பத் தெரிகிறது.

நல்ல சேதி ஒன்று. நான் இயற்றிய "மூச்சு - மூன்று" வானொலியில் ஒலிபரப்பாகப் போகிறது. புதிய இசைக்கென்று மாதம் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. மே மாதத்தில் எனக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். தனி ஷாகுஹாச்சி, நேரடி வாசிப்பு. ஹமாதா வரைக்கும் கேட்கும்.

அக்கா, வேறொன்றும் வேண்டாம். அன்றைக்கு வானொலிப் பெட்டியை அப்பா முன்னால் வை. மேடையில் நான் ஒலிநாடாவோடு சேர்ந்து வாசித்ததற்காக நம் ஷாகுஹாச்சிப் பரம்பரையின் தலைவர் எனக்குக் கொடுத்த கலைப் பட்டத்தைத் திரும்பப் பிடுங்கி ஆறு வருடமாகிறது. அதே பரம்பரையின் ஹமாதா ஆசிரியர் நம் அப்பா. அன்றிலிருந்து ஒரு சொல் கிடையாது, ஒரு வரி கிடையாது. திட்டினால்கூடப் போதும். இதைக் கேட்டுவிட்டு அவர் என்ன சொன்னாலும் அப்படியே எழுது.

குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்.
கென்சாகு


ஹமாதா
மார்ச் 22, 1966

தம்பி கென்சாகுவுக்கு,

சமஇரவு நாளுக்குக் கல்லறைக்குப் போய் அம்மாவுக்குப் பூ வைத்துவிட்டு வந்தோம். உன் பெயரையும் சொல்லித்தான் கும்பிட்டேன். உடனே பதில் போடவில்லை என்று கோபிக்காதே, கடையில் தலைக்குமேல் வேலை. உன் அத்தான் கை தேறிவிட்டது. என் மூட்டைப் பற்றி மூட்டுதான் பேச வேண்டும்.

அப்பா நலம். ஒரே சொல்லில் முடிக்காதே என்றாய், ஆகவே கூட்டிச் சொல்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறார். காலையில் துறைமுகம் வரை நடக்கிறார். படகு வந்ததும் முதலில் மீனைப் பார்ப்பது அவர்தான், பேரம் பேசாமல் வருவதும் அவர்தான். மாணவர்கள் இப்போது வருவதில்லை. அவருக்கும் வயசாகிறது, இல்லையா.

வானொலியில் வருவது பெரிய விஷயம். "நம்ம வீட்டுப் பேரு ரேடியோல வருதுன்னா கடைக்கும் நல்லதுதானே" என்கிறார் உன் அத்தான். நீ வீட்டை விட்டுப் போனதால் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து மாட்டிக்கொண்ட மனுஷன், இந்த அளவுக்காவது லாபம் பார்க்கட்டும்.

பெட்டியை வைக்கிறேன். அதற்கு நான் பொறுப்பு.

நோபுயோ


டோக்கியோ
ஏப்ரல் 17, 1966

அன்புள்ள அக்காவுக்கு,

செர்ரிப் பூ உதிர்ந்து தெருவெல்லாம் சேறாகிவிட்டது. நீங்கள் நலம்தானே? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான்.

ஒலிபரப்பு ஜூனுக்குத் தள்ளிப்போய்விட்டது. மே மாதம் சுமோ போட்டி, அதையொட்டி நிகழ்ச்சிகளை மாற்றிப்போட்டுவிட்டார்களாம். இரண்டு குண்டு மனிதர்கள் இடித்துக்கொள்வதற்காக என் மூச்சு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

நிகழ்ச்சித் தயாரிப்பாளர் நல்லவர்தான், நல்லவர்கள்தான் கழுத்தை அறுக்கிறார்கள். ஒத்திகை கேட்டுவிட்டு, "அருமை சார். ஆனா நடுவுல ஒண்ணுமே இல்லாம விடுறீங்களே, அங்க லேசா ஒரு கோத்தோ தந்தி மீட்டினா ஜனங்களுக்கு இதமா இருக்குமே" என்றார். அந்த ஒன்றுமில்லாத இடத்துக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன் என்று சொன்னேன். "அப்படிங்களா" என்று தேநீர் ஊற்றினார்.

சொல்லி அலுத்துவிட்டது, அக்கா. பழைய ஆட்கள் என்னை ஓடுகாலி என்கிறார்கள். புதிய ஆட்களோ மூங்கிலைப் பிடித்துத் தொங்கும் பழமைவாதி என்கிறார்கள். பேய்கள் மட்டும்தான் என்னைக் குறை சொல்வதில்லை.

ஒரு யோசனை. மே விடுமுறையில் ஊருக்கு வருகிறேன். அப்பா எதிரில் உட்கார்ந்து நானே வாசித்துக் காட்டுகிறேன். வானொலி எதற்கு நடுவில்? அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

கென்சாகு


ஹமாதா
ஏப்ரல் 21, 1966
(அஞ்சலட்டை)

கென்சாகு,

எல்லோரும் நலம். மே மாதம் வராதே. வீட்டில் தரைப் பாய் முழுவதும் மாற்றுகிறோம், படுக்க இடமில்லை. ரயிலிலும் கூட்டம் நெரியும். அப்பாவுக்கும் வேலை இருக்கிறது. வானொலியில் கேட்டுக்கொள்கிறோம். உடம்பைப் பார்த்துக்கொள்.

நோபுயோ


டோக்கியோ
மே 12, 1966

அக்காவுக்கு,

நலம் விசாரித்ததாக வைத்துக்கொள்.

பாய். நல்லது. நம் வீட்டில் எத்தனை பாய் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதை மாற்ற எத்தனை நேரமாகும் என்றும் தெரியும். ஆறு வருடமாக ஒரு சொல் எழுதாத மனிதருக்குத் திடீரென்று என்ன வேலை? என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னார் என்றால் அதையே எழுதியிருக்கலாம். மாணவர்கள் நின்றதும் என்னால்தான் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. பட்டம் பறிபோனவனின் அப்பாவிடம் யார் பிள்ளையை அனுப்புவார்கள்?

ஜூன் மூன்றாம் ஞாயிறு, மாலை ஐந்து மணி. பெட்டி அவர் முன்னால் இருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

கென்சாகு


ஹமாதா
ஜூன் 21, 1966

அன்புத் தம்பிக்கு,

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை, கடையில் செய்யும் கமாபோகோ மீன்கட்டியும் ஒரு நாளுக்கு மேல் தாங்குவதில்லை. உனக்கு ஈரக்காற்றில் இருமல் வருமே, எப்படி இருக்கிறாய்?

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நீ சொன்னபடி நடந்தது. கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டார் உன் அத்தான். பக்கத்து வீட்டு ஹிசா, மீன்சந்தைக் கணக்கர் ஒகுமுரா, அவர் மனைவி எல்லோரும் வந்திருந்தார்கள். அப்பா விழா உடுப்பு உடுத்தி, பெட்டிக்கு நேர் எதிரில் முழங்கால் மடித்து உட்கார்ந்தார். கடைசிவரை கால் மாற்றவில்லை.

அறிவிப்பாளர் உன் பெயரைச் சொன்னபோது பெட்டியின் சத்தத்தை இன்னும் கூட்டி வைத்தேன். முதல் பகுதி, பொய் சொல்வானேன், எனக்குப் பிடிபடவில்லை. சந்தை ஷட்டரில் காற்று அடிப்பது மாதிரி இருந்தது. எல்லோரும் வயிற்றுவலிக்காரர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். ஆனால் நடுவில் சத்தம் அப்படியே தேய்ந்து போய், கொஞ்ச நேரத்தில் கோத்தோ வந்ததே, அப்பாடா, எவ்வளவு இனிமை! ஹிசா, "நல்லவேளை, பாட்டை ஆரம்பிச்சுட்டாங்க. அதுவரைக்கும் குழலைச் சரிபண்ணிட்டு இருந்தாங்கபோல" என்றாள். அவளை மன்னித்துவிடு.

அப்பாவும் கோத்தோ வந்த இடத்தில் தலையாட்டினார். தொடையில் விரலால் தாளம்கூடப் போட்டார். முடிந்ததும் எல்லோர் முன்னாலும் "நல்லா இருக்கு" என்றார். நீ கேட்டபடி அப்படியே எழுதிவிட்டேன். இனிமேலாவது மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

நோபுயோ


டோக்கியோ
ஜூன் 27, 1966

அக்கா,

கோத்தோ இல்லை.

நான் எழுதியதில் கோத்தோ இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு வானொலி நிலையத்துக்குப் போனேன். தயாரிப்பாளரும் இன்னும் இரண்டு பேரும் இடுப்பு மடித்து, தலை தரைக்கு வரும்படி குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். நடந்தது இதுதான். நான் ஒலிபரப்பு அறையில் கண்ணை மூடிக்கொண்டு அந்த மௌனத்தைக் காத்துக்கொண்டிருக்கிறேன். மாடியில் காவலுக்கு இருந்த பொறியாளர், நிகழ்ச்சி அறுந்துபோய்விட்டது என்று எண்ணி, இப்படிப்பட்ட ஆபத்துக்கென்று எடுத்து வைத்திருக்கும் கோத்தோ இசைத்தட்டைப் போட்டுவிட்டார். நான் மறுபடி ஊத ஆரம்பித்ததும் பதறி நிறுத்தியிருக்கிறார். எனக்கு யாரும் சொல்லவில்லை. வாசித்து முடித்துவிட்டு, சாதித்துவிட்டேன் என்று வறுவல் கடையில் தனியாகப் பியர் குடித்தேன், அக்கா. என்ன ஒரு முட்டாள்.

ஜப்பான் முழுவதும் என் இசையில் ரசித்தது அந்தத் தட்டைத்தான்.

அதுகூடப் போகட்டும். அப்பாவுக்கு என்ன ஆயிற்று? அடுத்த அறையில் மாணவன் தவறாக மூச்சு வாங்கினால் குளித்துக்கொண்டிருந்தவர் ஈரத்தோடு எழுந்து வந்து திட்டுவார். ஷாகுஹாச்சி தேயும்போது எங்கிருந்தோ கோத்தோ வந்து குதித்ததற்கு அவர் பெட்டியைத் தூக்கி முற்றத்தில் எறிந்திருக்க வேண்டும். தாளம் போட்டாராம். "நல்லா இருக்கு" என்றாராம். அந்தச் சொல்லை அவர் யாருக்கும் சொல்லி நான் கேட்டதே இல்லை.

நீ பொய் சொல்கிறாய். அவர் அந்த அறையில் இல்லை. நான் வருத்தப்படக் கூடாது என்று கதை கட்டியிருக்கிறாய். உண்மையை எழுது.

கென்சாகு


டோக்கியோ
ஜூலை 25, 1966
(அஞ்சலட்டை)

அக்கா,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆகஸ்டில் முன்னோர் திருநாளுக்கு வருகிறேன். பாயை மாற்று, கூரையை மாற்று, வீட்டையே மாற்று. வருகிறேன்.

கென்சாகு


ஹமாதா
ஆகஸ்ட் 3, 1966

தம்பி,

கோடை கொளுத்துகிறது. நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? இதைக் கேட்டுவிட்டு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று நாளாகத் தாளை மடித்து மடித்து வைக்கிறேன்.

அப்பா அந்த அறையில்தான் இருந்தார். நான் எழுதியது எல்லாமே நடந்தது. ஆனால் அப்பாவுக்குக் காது கேட்காது. இரண்டு காதும். நாலு வருடமாகிறது.

ஒரு காய்ச்சல் வந்தது, வலது காது போனது. அடுத்த குளிருக்குள் இடதும் போய்விட்டது. மாணவர்களை அவரேதான் நிறுத்தினார். தப்பாக வாசித்த பையனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டாராம், மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அன்றைக்கே குழலைத் துணியில் சுற்றி மேலே வைத்துவிட்டார். உன்னால் யாரும் நிற்கவில்லை.

முதல் இரண்டு வருடம் உன்மேல் கோபம்தான், அதை மறைக்க மாட்டேன். பிறகுதான் காது. தம்பிக்குச் சொல்லிவிடுகிறேன் என்று தாளில் எழுதிக் காட்டினேன். "வேண்டாம். என்னைப் பார்த்துப் பரிதாபப்படுற அளவுக்கு அவன் இன்னும் பெரிய ஆளாகல" என்றார். அப்படியானால் நீங்களாவது ஒரு வரி எழுதுங்கள் என்றேன். "கேக்காம என்னத்தை எழுதறது? நல்லா இருக்கியான்னா? அதைக் கேக்கத்தான் நீ இருக்கியே" என்றார். என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். நடுவில் நான் என்ன செய்ய? அங்கே நீ, இங்கே அவர், இருவருக்கும் ஒரே பிடிவாதம், அடி என் தலையில். எனக்கும் கோபம் வரும், கென்சாகு.

அன்று அவர் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் விழித்தபோது அசையாமல் இருந்தார். கோத்தோ வந்து எங்கள் முகம் தெளிந்ததைப் பார்த்தார், இதுதான் நல்ல இடம் போலிருக்கிறது என்று தலையாட்டினார். உனக்காக ஆட்டினார். நாலு பேர் முன்னால் தன் மகன் வாசிப்புக்கு அப்பா தலையாட்டவில்லை என்று இருக்கக் கூடாது என்று.

உன் ஜூன் கடிதத்தை அவரிடம் காட்டிவிட்டேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை, அதுதான் உனக்கும் எழுதவில்லை. நாலு நாளைக்கு முன்னால் கூப்பிட்டு, "அவன் வாசிச்சதை எழுதி அனுப்பச் சொல்லு. நம்ம எழுத்துல, மேலேருந்து கீழே. மேல்நாட்டுக் குறியில, கம்பிமேல எறும்பு உக்காந்த மாதிரி எழுதினா படிக்க மாட்டேன்" என்றார். இதையும் அப்படியே எழுதிவிட்டேன்.

திருநாளுக்கு வா. வருவதும் வராததும் உன் விருப்பம், நான் இனி யாருக்கும் காவல் நிற்கவில்லை.

நோபுயோ


டோக்கியோ
செப்டம்பர் 14, 1966

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

புயல் மழை ஹமாதாவைத் தொடாமல் போனது என்று செய்தியில் கேட்டு நிம்மதியடைந்தேன். நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

திருநாளுக்கு வரவில்லை. அக்காவிடம் சவால் விட்டுவிட்டு ரயில் நிலையம்வரை வந்தேன், சீட்டு வாங்காமல் திரும்பிவிட்டேன். வந்து உங்கள் முன்னால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

கேட்டதை அனுப்பியிருக்கிறேன். நம் பரம்பரையின் எழுத்தில்தான். பட்டத்தைப் பிடுங்கிய நாளில் இனி இந்த எழுத்தைத் தொடமாட்டேன் என்றிருந்தேன், தொட்டுவிட்டேன். சில ஒலிகளுக்கு இதில் குறி கிடையாது. நானே குறி போட்டு ஓரத்தில் விளக்கம் எழுதியிருக்கிறேன்.

பாராட்டு வேண்டாம். இன்னொரு முறை தலையாட்ட வேண்டாம். நினைப்பதைச் சொல்லுங்கள்.

பணிவுடன்,
கென்சாகு


ஹமாதா
அக்டோபர் 30, 1966

கென்சாகுவுக்கு,

சீமைப் பனிச்சைப் பழம் பழுத்துவிட்டது. நான் நலம். நோபுயோவுக்கு மூட்டுவலி, எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நீ அனுப்பியதைப் படித்தேன். கண்ணால் படித்தது போதவில்லை. குழலை இறக்கி, விரல் வைத்து, மூச்சுக் கணக்குப் பார்த்தேன். ஊதியும் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஹிசா வந்து நோபுயோவிடம் ஏதோ கேட்டுவிட்டுப் போனாள். நன்றாக இருந்திருக்காது.

இரண்டாம் பத்தியில் துளைகளை விரலால் தட்டச் சொல்கிறாய். ஒரு முறை தட்டினால் வாசிப்பு. மூன்று முறை தட்டுவது வித்தை காட்டுவது. இரண்டை எடுத்துவிடு.

நான்காம் பத்தியில் அடித்தொனியை அவ்வளவு இழுத்துவிட்டு, அதே மூச்சில் தாடையை இறக்கி அடுத்ததற்குப் போக எவனாலும் முடியாது. உன்னாலும் முடிந்திருக்காது. ஏமாற்றியிருப்பாய். திருத்து.

அடுத்து அந்த மௌனம். இடம் சரி. அங்கேதான் வர வேண்டும். ஆனால் ஓரத்தில் ஒன்று எழுதியிருக்கிறாய்: "மௌனத்துக்கு முன் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கக் கூடாது." ஏன்? உள்ளே இழுக்கும் மூச்சு அழகில்லை என்றா? சத்தத்தைத் தேய்த்துத் தேய்த்து எங்கே முடிந்தது என்று தெரியாமல் செய்கிறாய். அதற்குமேல் மூச்சையும் ஒளிக்கிறாய். பிறகு அங்கே ஆள் இருக்கிறான் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? அந்தப் பொறியாளனைத் திட்டி நோபுயோவுக்கு எழுதியிருந்தாய். அவன்மேல் தப்பில்லை. ஊதப் போகிறவன் மூச்சு இழுக்கும் சத்தம் காதில் விழுந்திருந்தால் எந்த மடையனும் தட்டைப் போட்டிருக்க மாட்டான், காத்திருப்பான். ஜனங்களும் காத்திருப்பார்கள்.

சத்தம் இல்லாதது வேறு, ஆள் இல்லாதது வேறு. நாலு வருடமாக எனக்கு ஒரு சத்தமும் இல்லை. ஆனால் நோபுயோ எதிரில் உட்கார்ந்து தைக்கும்போது அவள் தோள் ஏறி இறங்குகிறது. அதனால் வீட்டில் ஆள் இருக்கிறது.

மூச்சை மறுபடியும் உள்ளே வை.

மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை. அன்று கோத்தோவுக்குத் தலையாட்டியது எனக்கே அவமானமாக இருக்கிறது. அதை யாரிடமும் சொல்லாதே.

அப்பா


டோக்கியோ
நவம்பர் 8, 1966

அன்புள்ள அக்காவுக்கு,

குளிர் வந்துவிட்டது. அத்தான் நலமா? உன் மூட்டுவலி அப்பாவுக்குத் தெரியும், ஆகவே இனி அவர் முன்னால் நொண்டாமல் நடந்து சிரமப்படாதே.

அப்பாவின் கடிதம் வந்தது. ஒரு சொல்லுக்கு ஆறு வருடம் ஏங்கினேன். இப்போது இரண்டு பக்கம் வந்திருக்கிறது, ஒரு வரிகூட எனக்குப் பிடிக்கவில்லை. கசக்கி எறிந்தேன். எடுத்து நீவி மறுபடி படித்தேன். பிறகு வீம்புக்கு, அவர் சொன்னது தவறு என்று காட்டுவதற்காகவே, குழலை எடுத்து மூச்சு இழுக்கும் சத்தத்தோடு வாசித்துப் பார்த்தேன்.

மூச்சை இழுத்தேன், நிறுத்தினேன். என் அறையே என்னோடு சேர்ந்து காத்திருந்தது. மேடையில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன், ஒரு முறையும் அப்படி ஆனதில்லை. ஊதாமல் இருக்கவே முடியவில்லை.

அவர் சொன்னதுதான் சரி. எரிச்சலாக இருக்கிறது, அக்கா. காது கேட்கிற அத்தனை பேருக்கும் வாசித்துக் காட்டினேன். பேராசிரியர்கள் கேட்டார்கள், விமர்சகர்கள் கேட்டார்கள், ஒருவருக்கும் இது தோன்றவில்லை. ஒரு சத்தமும் கேட்காத மனிதர் தாளைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். திருத்தியதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று சட்டென்று எழுந்து நின்றேன். நின்ற பிறகுதான் நினைவு வந்தது. அப்படியே உட்கார்ந்து அழுதேன். நான் எதை வாசித்தாலும் இனி அவர் கேட்கப்போவதில்லை. இதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

வருடப் பிறப்புக்கு வருகிறேன். சீட்டு வாங்கிவிட்டேன், இந்த முறை ரயில் ஏறிவிடுவேன்.

அதற்குள் அப்பாவிடம் ஒன்று சொல்லிவிடு, பெரிய எழுத்தில் எழுதிக் காட்டு. மௌனத்தில் மூச்சைச் சேர்த்துவிட்டேன். நான்காம் பத்தியைத் திருத்திவிட்டேன், அங்கே ஏமாற்றியது உண்மைதான். ஆனால் இரண்டாம் பத்தியில் மூன்று முறைதான் தட்ட வேண்டும். ஒன்று போதாது. அவர் சொல்வது தவறு, வந்து எதிரில் உட்கார்ந்து விரலால் காட்டுகிறேன். காது கேட்கவில்லை என்பதற்காக விட்டுக்கொடுத்துவிடுவேன் என்று மட்டும் அவர் நினைக்க வேண்டாம்.

எல்லோருக்கும் என் அன்பு.
கென்சாகு